குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: எங்கே கத்தரி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்

"ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 500 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேபினட்." இப்படி ஒரு கேமிங் பிசி விளம்பரம் வரும், விலையும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். எந்த ஐ7 என்று கேட்டால் பெரும்பாலும் ஐ7-2600 அல்லது ஐ7-3770 என்பார்கள். முதலாவது 2011இல் வந்தது, அடுத்தது 2012இல். இரண்டிலும் ஏவிஎக்ஸ்2 என்ற வசதி கிடையாது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் இவற்றில் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது.

சீல் பிரிக்காத புதிய பாகங்களிலும் இதே கதைதான். விலை குறைந்த எந்தப் பாகத்தை எடுத்தாலும் அதில் ஏதோ ஒன்றை வெட்டித்தான் விலையைக் குறைத்திருப்பார்கள். வெட்டியது உங்களுக்குத் தேவைப்படாத ஒன்று என்றால் லாபம். தேவையானது என்றால், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகப் பிறகு செலவாகும். ஒவ்வொரு பாகத்திலும் எதை வெட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடைக்குப் போவதற்கு முன்பு

எந்த கேம், எந்த மானிட்டர் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசசரை அதிகம் வேலை வாங்கும். சைபர்பங்க் 2077 போன்றவை கிராஃபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். பட்ஜெட் பிசிக்கு 1920×1080 (1080பி) தெளிவுத்திறன், 24 அங்குல ஐபிஎஸ் திரை, 100 முதல் 165 ஹெர்ட்ஸ் என்றால் பொருத்தமாக இருக்கும். மானிட்டரில் அதைவிடக் கூர்மையான 1440பி எடுத்துவிட்டு கிராஃபிக்ஸ் கார்டில் கஞ்சத்தனம் செய்வது தலைகீழ் கணக்கு.

விலையை ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. அதனால் விகிதமாகப் பாருங்கள். மானிட்டரைத் தவிர்த்த மொத்தப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. பிராசசரும் மதர்போர்டும் சேர்ந்து 25 முதல் 30. ரேம், எஸ்எஸ்டிக்கு 20. ரேம் விலை ஏறியிருக்கும்போது 25 கூட ஆகலாம். மீதி எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), கேபினட். யுபிஎஸ், கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றுக்குத் தனியாக ஒதுக்குங்கள். புதிதாக வாங்குபவர்கள் கணக்கில் விட்டுவிடுவது பெரும்பாலும் யுபிஎஸ்தான்.

கிராஃபிக்ஸ் கார்டு: பெயரை நம்பாதீர்கள்

இங்கேதான் கத்தரி அதிகம் விளையாடும். ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் கடையில் இருக்கின்றன. 8 ஜிபி உள்ளதில் 2560 கோர்கள், 128 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் வழியின் அகலம்). 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட் பஸ். மெமரி 2 ஜிபி குறைவு, அவ்வளவுதானே என்று நினைத்து வாங்குபவர்கள், உண்மையில் ஒரு படி கீழே உள்ள கார்டை வாங்குகிறார்கள். ஆனால் அந்த 6 ஜிபி கார்டு 70 வாட்தான் எடுக்கும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம். பழைய ஆஃபீஸ் பிசியில் போட இதைவிட வசதியான கார்டு கிடைப்பது கஷ்டம். புதிதாக அசெம்பிள் செய்யும் பிசிக்கு அது தவறான தேர்வு. அதே வெட்டு, இரண்டு பேருக்கு இரண்டு விதமாக அமைகிறது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இதில் மெமரி 4 ஜிபி. கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் பார்ப்பதற்கு முழு நீளமாக இருந்தாலும், கார்டு பயன்படுத்துவது 4 லேன் (தரவுப் பாதை) மட்டும். பிசிஐஇ 4.0 போர்டில் அந்த 4 லேனில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் அது 4 ஜிபியாகப் பாதியாகிவிடும். கேம் ஓடும்போது கார்டின் 4 ஜிபி நிறைந்துவிட்டால், மீதி டெக்ஸ்சர்களை இந்தக் குறுகிய வழியாகத்தான் ரேமிலிருந்து இழுத்தாக வேண்டும். அப்போது சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஓரளவு சரியாகவே காட்டும், ஆனால் திரும்பும் இடமெல்லாம் படம் திக்கித் திக்கி நகரும். போதாக்குறைக்கு வீடியோ என்கோடரையும் வெட்டிவிட்டார்கள். விளையாடுவதை ரெக்கார்டு செய்யும் வேலையும் பிராசசர் தலையில் விழும்.

1080பிக்கு 8 ஜிபி மெமரிக்குக் கீழே இறங்காதீர்கள். அடிப்படையில் ஆர்எக்ஸ் 6600 (132 வாட்) இன்னும் நல்ல தொடக்கம். ஒரு படி மேலே ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாம் 8 ஜிபி கார்டுகள். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டாக வருகிறது. விலை வித்தியாசம் தாங்கும் என்றால் 16 ஜிபியே சரி. இன்டெல்லின் ஆர்க் பி580 அட்டையில் 12 ஜிபி இருக்கிறது, விலைக்கு நல்ல சரக்கு. ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) இயங்கவில்லை என்றால் வேகம் வெகுவாகக் குறையும், பழைய பிராசசரோடு சேர்த்தாலும் இழுக்கும். ஜிடி 710, ஜிடி 730 எல்லாம் மானிட்டருக்குப் படம் அனுப்பத்தான் உதவும்.

பழைய கார்டு வாங்கினால், பிசியில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், கார்டின் பயாஸை மாற்றிப் பெயரை ஏமாற்றும் பல போலிக் கார்டுகளை அதுவே காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048 ஷேடர் (கார்டின் கோர்) உள்ளதும் உண்டு, அசலான 2304 ஷேடர் உள்ளதும் உண்டு. எது என்பதும் அதே திரையில் தெரியும். பிறகு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளி, கோடு, நிறச் சிதறல் வந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். அதைக் குறைந்த விலைக்கு வாங்கியும் பயனில்லை.

பிராசசரும் மதர்போர்டும்

இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பிராசசர் உட்காரும் சாக்கெட்டைப் பொறுத்து, பட்ஜெட்டில் இப்போது மூன்று வழிகள்.

இன்டெல் எல்ஜிஏ1700 வழியில் ஐ5-12400எஃப். 6 கோர், 12 திரெட். டிடிஆர்4 (பழைய வகை ரேம்) போர்டும் கிடைக்கும், டிடிஆர்5 (புதிய வகை) போர்டும் கிடைக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 வழியில் ரைசன் 5 5600. இதுவும் 6 கோர், 12 திரெட், டிடிஆர்4. மூன்றாவது ஏஎம்5. ரைசன் 5 7500எஃப் அல்லது 7600, டிடிஆர்5 மட்டும். முதல் இரண்டும் முட்டுச்சந்துகள். நாளைக்குப் புதிய பிராசசர் வேண்டுமானால் போர்டையும் மாற்ற வேண்டும். ஏஎம்5க்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரேம் விலை ஏறியிருக்கும் சமயத்தில் டிடிஆர்5 சுமையாக இருக்கும். வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் இருந்தால் முதல் இரண்டு வழிகளே புத்திசாலித்தனம்.

இன்டெல்லில் "எஃப்" என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. 7500எஃப்பிலும் அப்படித்தான். கார்டு வாங்கப்போகிறவருக்கு இது வலிக்காத வெட்டு. கார்டு பழுதாகிச் சர்வீசுக்குப் போகும் நாட்களில் மட்டும் திரை வராது.

ரைசன் 5 5500க்கும் 5600க்கும் பெயரில் நூறுதான் வித்தியாசம். சிப்போ வேறு. 5500இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, 5600இல் 32 எம்பி. 5500 பிசிஐஇ 3.0 மட்டுமே தரும். கேமுக்கு எல்3 கேஷ் முக்கியம் என்பதால் இந்த வெட்டு நேரடியாக எஃப்பிஎஸ்ஸில் தெரியும். கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் எடுக்கும் 5600ஜியிலும் இதே இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. வேலரன்ட் அளவுக்கு அதன் உள் கிராஃபிக்ஸ் போதும். ஆனால் 5600ஜி வாங்கி, ஆறு மாதம் கழித்துக் காசு சேர்த்து 6500 எக்ஸ்டி போடுகிறவர் இரண்டு வெட்டையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கிறார். மேலே சொன்ன, நொடிக்கு 4 ஜிபி மட்டுமே போகும் அந்தக் குறுகிய வழி அவருக்குத்தான். போர்டு பிசிஐஇ 4.0 தரும் பி550 ஆகவே இருந்தாலும் 5600ஜி அதை 3.0க்கு இறக்கிவிடும்.

இன்டெல் மதர்போர்டில் ஹெச்610 மலிவு. இரண்டே ரேம் ஸ்லாட், டிடிஆர்4 என்றால் 3200க்கு மேல் போகாது, எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் ஒன்றுதான். 12400எஃப், இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி என்று நிறுத்திக்கொள்பவருக்கு இதில் குறையே இல்லை. பின்னால் ரேம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் நான்கு ஸ்லாட் உள்ள பி660, பி760 பாருங்கள். ஏஎம்4இல் பி450, ஏ520 போர்டுகள் பிசிஐஇ 3.0; பி550இல் கார்டு ஸ்லாட்டும் முதல் எம்.2 ஸ்லாட்டும் 4.0. ஒரே பெயரில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை பி760 போர்டுகள் விற்கின்றன, பெட்டியில் "டி4" என்ற சின்ன வால்தான் வித்தியாசம். ரேமில் பள்ளம் இருக்கும் இடம் வேறு என்பதால் ஒன்றுக்கு மற்றது நுழையாது. அழுத்தி நுழைக்கப் பார்க்காதீர்கள்.

பயாஸ் விஷயத்தை வாங்கும் இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டாக் பி450 போர்டு ரைசன் 5600ஐ அடையாளம் காணாது. பழைய பி650 ரைசன் 9000 வரிசையை அறியாது. காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். வாங்கும்போதே பயாஸ் அப்டேட் செய்து கேளுங்கள், அல்லது பிராசசர் இல்லாமலே பென்டிரைவால் அப்டேட் செய்யும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக எடுங்கள்.

"ட்ரே" பிராசசர் என்று அட்டைப்பெட்டி இல்லாமல் குறைந்த விலைக்குத் தருவார்கள். பெட்டிச் சரக்குக்கு 3 ஆண்டு கம்பெனி வாரண்டி. ட்ரேக்குக் கடை என்ன சொல்கிறதோ அதுதான். கூலரும் வராது. 12400எஃப், 5600 இரண்டுக்கும் பெட்டியில் வரும் கூலரே போதும், அதற்கு மேல் வாட்டர் கூலிங் எல்லாம் வீண் செலவு.

ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி என்றால் 8 ஜிபி இரண்டு. ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டால் டிடிஆர்4 3200இல் நொடிக்கு 25.6 ஜிபி போகும். இரண்டாகப் போட்டால் 51.2. உள் கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி போன்றவற்றில் இந்த ஒரு தவறு கேமையே கெடுத்துவிடும், ஏனென்றால் அதற்குத் தனி மெமரியே இல்லை. நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4 ஆகியவற்றில் செருகுங்கள். 3200 என்று எழுதியிருக்கும் ரேம் பல நேரம் 2400 அல்லது 2666இல்தான் ஓடத் தொடங்கும். பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்தால்தான் காசு கொடுத்த வேகம் கிடைக்கும். ஏஎம்5இல் அதன் பெயர் எக்ஸ்போ.

எஸ்எஸ்டி 1 டிபி. 500 ஜிபியில் விண்டோஸும் மூன்று பெரிய கேமும் போட்டால் நிறைந்துவிடும். பால்டர்ஸ் கேட் 3 மட்டுமே 150 ஜிபி இடம் கேட்கிறது. எம்.2 வடிவில் சாட்டா எஸ்எஸ்டியும் இருக்கிறது, அதன் உச்சம் நொடிக்கு 550 எம்பி சுமாருக்குத்தான். என்விஎம்இ 3.0 வகை 3500 எம்பி வரை போகும். விளிம்பில் இரண்டு பள்ளம் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் என்விஎம்இ. டிராம் (எஸ்எஸ்டியின் சொந்த மெமரி) இல்லாத மலிவு என்விஎம்இ கேமுக்குப் போதுமானது. இந்த வெட்டு உங்களைத் தொடாது.

எஸ்எம்பிஎஸ்: இங்கே மட்டும் கத்தரி வேண்டாம்

கேபினட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி அதன் லேபிளைப் பாருங்கள். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் எடுப்பது 12 வோல்ட் லைனிலிருந்து. +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். நல்ல 450 வாட் யூனிட்டில் 36, 37 ஆம்பியர் இருக்கும், அதாவது 440 வாட் சுமார். லேபிளில் 16 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 192 வாட்தான், மீதி எண்ணெல்லாம் கேமுக்குப் பயன்படாத லைன்களைக் கூட்டிப் போட்டது. அந்தக் கட்டமே இல்லாத லேபிளும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம்.

கணக்கு இப்படி. 12400எஃப் அதிகபட்சம் 117 வாட். ஆர்எக்ஸ் 6600 132. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, காற்றாடிகளுக்கு 50. மொத்தம் 299. கார்டுகள் சில மில்லி நொடிகளுக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும் என்பதால் 450 வாட் நல்ல யூனிட், நாளைக்கு மேலான கார்டு போடும் ஆசை இருந்தால் 550. திடீர் இழுப்பைத் தாங்காத எஸ்எம்பிஎஸ்ஸில் டெஸ்க்டாப்பில் எல்லாம் நன்றாக ஓடும், கேம் சூடு பிடிக்கும்போது பிசி சட்டென்று அணைந்து திரும்ப ஆன் ஆகும். பலர் இதற்கு விண்டோஸை மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்கள்.

80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்புக்கு ஓவர்வோல்டேஜ், ஓவர்கரன்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் இருக்கின்றனவா, 5 ஆண்டு வாரண்டி உண்டா என்று பாருங்கள். கார்டுக்கான 6+2 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். பழைய மோலக்ஸ் கனெக்டரிலிருந்து மாற்றும் அடாப்டரைக் கடைக்காரர் நீட்டினால், அந்த எஸ்எம்பிஎஸ் உங்கள் கார்டுக்கானது இல்லை என்று அர்த்தம். பிராசசருக்கான 4+4 பின்னும் கார்டுக்கான 6+2 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றிச் செருகக் கூடாது. மாடுலர் கேபிள்களை வேறு பிராண்டிலிருந்து இரவல் வாங்கவும் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் அமைப்பு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், போர்டு போய்விடும்.

600 விஏ யுபிஎஸ் என்றால் பொதுவாக 360 வாட். கேம் ஓடும்போது மேலே சொன்ன பிசியும் ஒரு மானிட்டரும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் விளிம்பில். பெரிய கார்டு என்றால் 1000 விஏ. கரன்ட் போனதும் கேமை மூடி, பிசியை அணைக்க நேரம் கிடைத்தால் போதும், தொடர்ந்து விளையாட அது உதவாது. ஸ்கொயர் வேவ் வீட்டு இன்வெர்ட்டரில் நேரடியாக மாட்டாதீர்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பெரும்பாலும் பாகத்தில் கோளாறு இருக்காது, சுவர் பாயின்டில் எர்த் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசியவிடும் சிறு கரன்ட் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்ட பிறகு பிசியை மாட்டுங்கள்.

கேபினட்டும் பில்லும்

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் படத்தில் அழகு. சென்னையில் மே மாதம் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது காற்று உள்ளே போக வழியிருக்காது. முன்பக்கம் வலை போன்ற ஜாலி, அங்கே இரண்டு காற்றாடி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. அவ்வளவு போதும். கார்டின் நீளம் கேபினட்டில் அடங்குமா என்று மில்லிமீட்டரில் பாருங்கள். பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா என்பதைப் பிசிபார்ட்பிக்கர் தளத்தில் போட்டால் பெரும்பாலான முரண்பாடுகளை அதுவே சொல்லிவிடும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆகட்டும், கொழும்பு யூனிட்டி பிளாசா ஆகட்டும், மொத்தத் தொகையாக கொட்டேஷன் வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண், தனி விலை, வாரண்டி காலம் எழுதி வாங்குங்கள். "16 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன வரும் என்பது கடையின் விருப்பம். அந்தத் தாளோடு இரண்டு கடை ஏறி இறங்கி, ஆன்லைன் விலையையும் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள். தமிழ்நாட்டில் வாங்குபவர்கள் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம் என்பார்கள், கார்டு பழுதானால் அந்த மிச்சத்துக்குப் பதில் கிடைக்காது. ஆன்லைனில் வந்த பெட்டியைப் பிரிக்கும்போது முத்திரையிலிருந்து வீடியோ எடுங்கள்.

அசெம்பிள் ஆன பிறகு

முதல் முறை ஆன் செய்து திரை வரவில்லை என்றால் பதற்றம் வேண்டாம். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டியிருக்கிறீர்களா? "எஃப்" பிராசசரில் அங்கிருந்து படம் வராது, கார்டில் மாட்டுங்கள். அடுத்து ரேமைக் கழற்றி இருபுறமும் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிராசசர் பக்கத்து 8 பின் கேபிள் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய அசெம்பிளியில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

திரை வந்தபின் பயாஸில் எக்ஸ்எம்பி, ரீசைசபிள் பார், டிபிஎம் (பாதுகாப்புச் சிப் வசதி) ஆகியவற்றை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 11இல் வேலரன்ட்டுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் கட்டாயம். செக்யூர் பூட் வேலை செய்ய விண்டோஸை ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்க்கில் போட்டிருக்க வேண்டும், அதனால் இன்ஸ்டால் செய்யும் முன்பே இதைச் சரிபார்த்தால் இரட்டை வேலை மிச்சம். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் மானிட்டரின் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரும் பல நேரம் 60இல்தான் நிற்கும், கையால் மாற்ற வேண்டும். பட்டியலில் 165 வரவே இல்லை என்றால் ஹெச்டிஎம்ஐ கேபிளை விட்டு டிஸ்பிளேபோர்ட் கேபிளில் மாட்டிப் பாருங்கள்.